கூரையைப் பிரித்தது கிருமியா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "1840-களின் பஞ்சத்தில் அயர்லாந்து மக்களைக் கடல் கடக்க வைத்தது உருளைக்கிழங்கு நோயா, பிரிட்டிஷ் ஆட்சியா?" ஆட்சிதான் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அம்மா, "கிருமிக்கு அரசியல் தெரியுமா?" என்று கேட்டுக் கைதட்டு வாங்கிவிட்டார்.

தெரியாதுதான். அதனால்தான் 1845-ல் அதே பின்கருகல் நோய் பெல்ஜியம், நெதர்லாந்து வயல்களிலும் கிழங்கை அழுக வைத்தது. அங்கேயும் சாவு இருந்தது. ஆனால் 1841 கணக்கெடுப்பில் சுமார் 81 லட்சத்து 75 ஆயிரம் பேர் இருந்த நாடு, 1851-ல் 65 லட்சத்து 50 ஆயிரமாகச் சுருங்கியது அயர்லாந்தில்தான். செத்தவர்கள் ஏறக்குறைய 10 லட்சம், கப்பலேறியவர்கள் இன்னொரு 10 லட்சத்துக்கு மேல்.

"ஒரே பயிரை நம்பியது அவர்கள் தப்பு" என்றார்கள். ஏன் நம்பினார்கள்? விளைந்த ஓட்ஸும் வளர்த்த பன்றியும் குத்தகைக்கே போய்விடும். மிஞ்சிய துண்டு நிலத்தில் குடும்பத்தின் வயிற்றை நிரப்பக்கூடியது 'லம்பர்' என்ற கிழங்கு ஒன்றுதான். உழைக்கிற ஆள் நாளைக்கு 5, 6 கிலோ தின்பான். விதைக்கிழங்கை வெட்டி நடுவதால் செடியெல்லாம் ஒரே வார்ப்பு. ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வந்தது.

"அரசு என்னதான் செய்திருக்க முடியும்?" என்று அடுத்த கேள்வி. செய்து காட்டியதே! 1847 ஜூலையில் நாடெங்கும் கஞ்சித்தொட்டி திறந்து நாளொன்றுக்கு 30 லட்சம் பேருக்கு ஊற்றினார்கள். இலையுதிர்காலம் வருவதற்குள் மூடிவிட்டார்கள். நிவாரணத்தின் பிடி கருவூல அதிகாரி சார்லஸ் டிரெவெலியன் கையில் இருந்தது. (அதே மனிதர்தான் 1859-ல் நம் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக வந்தார்.)

குதிரை கீழே தள்ளியது மட்டுமல்ல, குழியும் பறித்ததாம். அந்தக் குழிக்குப் பெயர் கிரெகரி ஷரத்து, 1847. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசு நிவாரணம் கிடையாது. நம்மூர்க் கணக்கில் 25 சென்ட்! பிள்ளைக்குக் கஞ்சி வேண்டுமா, நிலத்தை எழுதிக்கொடு. கொடுத்த கையோடு அவன் குடிசையின் கூரையையும் பிரித்தார்கள், திரும்பி வந்து குடியேறிவிடக் கூடாதாம். இன்னொரு விதி: ஆண்டு மதிப்பு 4 பவுண்டுக்கு மேற்படாத நிலத்துக்கு ஏழை வரியை, அதாவது ஏழைகளின் நிவாரணத்துக்கான வரியை, நிலக்கிழாரே கட்ட வேண்டும். ஏழையைக் காப்பாற்றப் போட்ட சட்டம் போலத் தெரிகிறதா? ஒரு குடும்பத்தை விரட்டினால் ஒரு வரி மிச்சம் என்று நிலக்கிழார் கணக்குப் போட்டார். ஸ்ட்ரோக்ஸ்டவுன் எஸ்டேட்டின் ஏஜென்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். ஏழை விடுதியில் வைத்துச் சோறு போடுவதைவிடக் கனடாவுக்கு டிக்கெட் எடுப்பது மலிவு என்று முதலாளிக்கே எழுதிக் காட்டினார்.

அந்தக் கப்பல்கள் எப்படிப்பட்டவை? கனடாவிலிருந்து மரம் ஏற்றி வந்து காலியாகத் திரும்பியவை பல. சரக்குத் தளத்தில் பலகைப் படுக்கை அடித்து ஆளை அடைத்தார்கள். நெரிசலில் பேன் பரவியது, பேனோடு டைபஸ் காய்ச்சல் பரவியது. கனடாவின் கியூபெக் நகருக்குக் கீழே ஆற்றில் இருக்கும் கிராஸ் ஈல் தீவில் 1847-ல் மட்டும் 5,000 பேருக்கு மேல் புதைத்தார்கள்.

இரண்டு விஷயங்களை ஒப்புக்கொள்கிறேன். 1815-க்குப் பிறகே லட்சக்கணக்கானோர் அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார்கள். 1847-ல் உள்ளே வந்த தானியம் வெளியே போனதைவிட அதிகம். ஆனால் அது பெருமளவில் வந்து சேர்ந்தது அந்த வசந்தத்தில். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஓட்ஸ் கப்பலேறிக்கொண்டிருந்தது. பசி மாதக்கணக்கில் காத்திருக்குமா?

மணி அடித்துவிட்டார்கள், கடைசியாக ஒன்று. 1 முதல் 5 ஏக்கர் வரையிலான பண்ணைகள் 1841-ல் 3 லட்சத்துக்கு மேல். 1851-ல் 90 ஆயிரத்துக்கும் குறைவு. கிழங்கைக் கிருமி தின்றது, சரி. இந்தப் பண்ணைகளை எது தின்றது என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்லட்டும், நடுவர் அவர்களே.