துணி போர்த்திய கடிகாரம்

எல்லோருக்கும் வணக்கம்.

வாஷிங்டனில் ரென்விக் கலைக்கூடத்தில் ஒரு கடிகாரம் நிற்கிறது. ஏழடி உயரம். வெள்ளைத் துணி போர்த்தி, கயிறு கட்டி வைத்த மாதிரி இருக்கும். பக்கத்தில் போனால் துணியும் இல்லை, கயிறும் இல்லை. மடிப்பு, தொங்கல், கயிறு இறுக்கிய இடத்துச் சுருக்கம், அத்தனையும் மஹோகனி மரத்தில் செதுக்கியவை. துணியாகத் தெரிவதை வெளுக்க வைத்து, அடிப்பாகத்துக்கு மட்டும் பழுப்புச் சாயம் ஏற்றியிருக்கிறார். 1985இல் இதைச் செய்தவர் வெண்டல் காசில். அமெரிக்கர், நாற்காலி மேசை செய்தவர்.

1932இல் கான்சாஸில் பிறந்தார். தொழில் வடிவமைப்பு படித்தார், அப்புறம் சிற்பம். இரண்டையும் ஒரே பட்டறைக்குள் கொண்டுவர அவருக்கு உதவியது பசை என்றால் நம்புவீர்களா?

தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். நாற்காலி என்றால் கால், சட்டம், அவற்றைப் பூட்டும் கழுந்து, துளை. வளைந்து புரளும் உருவம் வேண்டுமென்றால் பெரிய அடிமரத்தைக் குடைய வேண்டும். ஆனால் தடித்த மரம் வெளியே காயும்போது உள்ளே ஈரமாக இருக்கும். வெளிப்பக்கம் சுருங்கும், வெடிப்பு விழும். காசில் என்ன செய்தார்? நன்றாகக் காய்ந்த பலகைகளை எடுத்தார். ஒவ்வொன்றையும் உருவத்தின் அந்தந்த மட்டத்துக்கு ஏற்றபடி அறுத்தார். ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை தடவி அடுக்கி, கிளாம்ப் என்ற இடுக்கி போட்டு இறுக்கினார். படிக்கட்டு போல ஒரு முரட்டு உருவம் வரும். அதைச் செயின் ரம்பத்தால் சீவித் தள்ளி, உளியாலும் அரத்தாலும் வழித்தெடுப்பார். பசை தச்சர்களிடம் காலங்காலமாக இருந்ததுதான். அதைக் கொண்டு பலகையின் அளவையே தாண்டலாம் என்று துணிந்து பார்த்தாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கடைசிக் காலத்தில் பட்டறைக்கு ரோபோ கை வந்தது. கையால் செய்த சிறு மாதிரியை ஸ்கேன் செய்து, பெரிய மரத்தை அது குடைந்தது. இதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. உருவம் பிறந்தது கையில்தானே.

சரி, கடிகாரத்துக்கு வருகிறேன். 1980களில் அவர் செய்த 13 கடிகாரங்களில் அதுதான் கடைசி. மற்றவற்றில் இயந்திரம் உண்டு. இதில் மட்டும் இல்லை. பயன்படும் பொருள் செய்தவர் பயனையே விட்டுவிட்டாரே என்று முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அந்தக் கயிற்று முடிச்சைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். அவிழ்க்கலாம் என்று விரல் போகும்.