வாயில்லாத ரோபோ பேசுவது நமக்கு எப்படிப் புரிகிறது?

[கருந்திரை. நீளமாக ஒரு விசில். அடுத்து இரண்டு துள்ளல் ஒலிகள். கடைசியில் மெல்லச் சரிந்து அடங்கும் ஒரு முனகல்.]

இதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் முதலில் ஓர் அழைப்பு, பிறகு ஒரு பரபரப்பு, கடைசியில் ஓர் ஏமாற்றம் என்று உங்கள் மனம் பிரித்துப் பார்த்திருக்கும். 1977-இல் வெளியான முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்திலிருந்து ஆர்டூ-டீடூ என்ற ரோபோ இப்படித்தான் பேசுகிறது.

[ஆர்டூவின் முழு உருவம். கேமரா மெதுவாகச் சுற்றி வருகிறது.]

ஓர் உருளை. மேலே சுழலும் அரைக்கோளத் தலை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கால்கள், உருளும்போது மட்டும் நடுவில் மூன்றாவதாக ஒன்று. வாய் கிடையாது, புருவம் கிடையாது. கண் என்று நாம் நினைத்துக்கொள்வது இமைக்கவே தெரியாத ஒரு கறுப்பு வட்டம். நடிகருக்கு வேண்டிய எதுவும் இந்த உடம்பில் இல்லை. பக்கத்தில் நிற்கும் இன்னொரு ரோபோவான சீ-த்ரீபிஓவைப் பாருங்கள்: பொன்நிற மேனி, மனித உருவம், 60 லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்பு முறைகளில் தேர்ச்சி. அத்தனையும் தெரிந்தவர் அருகில் இருக்கும்போது, ஒரு சொல்லும் உச்சரிக்காத உருளையிடம் நம் மனம் போய் ஒட்டிக்கொள்கிறது.

இரண்டு உருவங்களுக்கும் ஆரம்ப ஓவியங்களை வரைந்தவர் ரால்ஃப் மெக்குவாரி. ஓயாத சண்டையோடு கூடவே வரும் ஜோடி என்ற யோசனை ஜப்பானிலிருந்து வந்தது. அகிரா குரோசாவாவின் 1958-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில், பெரிய இடத்து மனிதர்களின் கதையை இரண்டு எளிய குடியானவர்கள் வழியாக நாம் பார்ப்போம். அந்த இருவர்தான் இங்கே இரும்பாக மாறியிருக்கிறார்கள்.

[துனீசியப் பாலைவனம். மணலில் மூன்று கால்களில் உருளும் ஆர்டூ.]

முதலில் அசைவு. 1976 மார்ச்சில் துனீசியாவில் படப்பிடிப்பு தொடங்கியபோது ரிமோட்டில் ஓடும் ஆர்டூக்கள் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸைப் படாதபாடு படுத்தின. சொன்ன திசையில் போகாமல் நின்றன, திரும்பின, முட்டிக்கொண்டன. ஆகவே வேலை பிரிக்கப்பட்டது. மூன்று கால்களில் உருண்டு போவது ரிமோட் இயந்திரம். இரண்டு கால்களில் நிற்கும் காட்சிகள் பலவற்றில் உள்ளே இருப்பவர் கென்னி பேக்கர் என்ற ஆங்கிலேய நடிகர், உயரம் சுமார் 112 சென்டிமீட்டர். நிற்கும் காட்சிக்கும் உருளும் காட்சிக்கும் நடுவே ஒரு வெட்டு. எங்கே வெட்டுகிறார்கள் என்று ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு கண்ணுக்கு அது மட்டுமே தெரியும் என்பதால், இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டுக்குள் இருந்த பேக்கரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஆனால் உடம்பை இடமும் வலமுமாக ஆட்ட முடியும். பதற்றத்திலும் குதூகலத்திலும் ஆர்டூ தத்தித் தத்தி ஆடுகிறதே, அந்த ஆட்டம்தான் அவருடைய நடிப்பு. மோட்டாரின் அசைவு ஒரே சீராக இருக்கும். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பிசகு இருக்கிறது. உயிர் என்று நமக்குப் படுவது அந்தப் பிசகுதான்.

[சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் முகப்பு. ஒரு கை குமிழ்களைத் திருப்புகிறது.]

அடுத்தது குரல். ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் முதலில் மின்னணு ஒலிகளை மட்டும் வைத்து முயன்றார். இயந்திரம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் ஆர்டூ எப்படி ஒலிக்கவேண்டும் என்று ஒருவருக்கொருவர் விளக்கும்போது அவரும் லூகாஸும் வாயாலேயே விதவிதமாகச் சத்தம் எழுப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தேடிய குரல் அங்கேயே இருந்தது. பேச்சு வராத குழந்தையைப்போலத் தன் வாயால் எழுப்பிய ஒலிகளை ஏஆர்பி 2600 என்ற சிந்தசைசரின் ஒலிகளோடு பர்ட் கலந்தார். பாதி மனிதர், பாதி மின்சாரம்.

இது ஏன் பலிக்கிறது என்று அறிய நம் ‘ம்’ ஒன்றே போதும். ஏறி முடிந்தால் கேள்வி. சுருக்கென்று நின்றால் சம்மதம். நீண்டு இறங்கினால் சலிப்பு. எழுத்து ஒன்றுதான், பொருள் முழுவதும் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. பர்ட் சொற்களை விட்டுவிட்டு அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். படத்துக்காக உருவாக்கிய ரோபோ, விலங்கு, வேற்றுலகவாசிக் குரல்களுக்காக 1978-இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது கிடைத்தது.

[விண்கலத்தின் வெண்ணிறத் தாழ்வாரம். இரு ரோபோக்களும் தப்பிக்கும் கலத்தின் வாசலில்.]

ஆனால் விசிலில் கோபம் தெரியலாம், வசைச் சொல் எப்படித் தெரியும்? என் கணக்கில் ஆர்டூவின் பாதிப் பாத்திரம் ஆர்டூவிடம் இல்லை, அதற்குப் பதில் சொல்பவர்களிடம் இருக்கிறது. இந்தக் காட்சியில் ஆர்டூ சில ஒலிகளை எழுப்புகிறது, அவ்வளவுதான். உடனே த்ரீபிஓ, தன்னை மூளையில்லாத தத்துவவாதி என்று அழைக்கக்கூடாது என்று சீறுகிறது. அந்த வசையை நாம் கேட்கவே இல்லை. எதிராளியின் கோபத்திலிருந்து நாமே கோத்துக்கொள்கிறோம். ஒருவர் தொலைபேசியில் பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்டு மறுமுனையில் இருப்பவரின் குணத்தையே ஊகித்துவிடுகிறோமே, அதே வேலை. நாமாக எழுதிய வசனம் என்பதால் அது எப்போதும் நமக்குப் பிடித்தமாதிரியே அமைந்துவிடுகிறது.

இதில் அதிகம் உழைத்தவர் த்ரீபிஓவாக நடித்த அந்தோணி டேனியல்ஸ். விசில்கள் எல்லாம் பிறகு சேர்க்கப்பட்டவை. படப்பிடிப்பில் அவர் பேசியது சத்தமில்லாத உருளையோடு. வராத பதிலுக்கு இடைவெளி விட்டு, வந்ததாக நினைத்துக் கோபப்படவேண்டும்.

2002-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஆர்டூ நெருப்பைக் கக்கிக்கொண்டு பறந்தது. எனக்கு அது உவப்பாக இல்லை. படிக்கட்டைக் கண்டாலே திண்டாடவேண்டிய உடம்பு என்பதால்தானே அதன் துணிச்சலை நம்பினோம்?

[முதல் படத்தின் இறுதி. போர் விமானத்திலிருந்து கரிபடிந்த ஆர்டூவை இறக்குகிறார்கள்.]

எதிரியின் குண்டு பட்டிருக்கிறது. படம் முழுவதும் விசிலடித்த ஆர்டூவிடமிருந்து சத்தம் இல்லை. அதைத் திட்டித் தீர்த்த த்ரீபிஓ ஓடி வந்து, தன் பாகங்கள் எதுவானாலும் உதவுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறது. இந்த முறை அதன் பேச்சுக்கு நடுவே இடைவெளி விட வேண்டியதில்லை.

[பரிசளிப்பு விழா. துடைத்துப் பளபளவென்று ஆர்டூ. ஒரு விசில். இடமும் வலமுமாக ஓர் ஆட்டம்.]