அழுத்துவதற்கு முன் ஒரு நொடி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக் கணினியின் பாதுகாப்பு பற்றிப் பேச வந்திருக்கிறேன். எந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் சிறந்தது என்றுதான் பெரும்பாலோர் என்னிடம் முதலில் கேட்பார்கள். அதற்கான பதிலை உடனே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற தடுப்பு மென்பொருள் கூடவே வருகிறது. அதை அணைக்காமல் வைத்திருந்தால் பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். அதற்கு மேல் இரண்டு மூன்று தடுப்பு மென்பொருள்களை ஒன்றாக ஓடவிட்டால் அவை ஒன்றோடொன்று மோதிக் கணினியை மந்தமாக்கும். எதை வாங்குவது என்று யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது இன்னொரு கேள்விக்கு ஒதுக்குங்கள். தீங்கு செய்யும் நிரல் நம் கணினிக்குள் எந்த வழியாக வருகிறது?

பெரும்பாலும் நாமே அழுத்தும் பொத்தானின் வழியாகத்தான் வருகிறது.

2000ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்புடன் ஒரு மின்னஞ்சல் உலகம் முழுவதும் பரவியது. தெரிந்தவரின் முகவரியிலிருந்தே வந்தது. கூடவே காதல் கடிதம் என்ற பெயரில் ஒரு கோப்பு. அதன் பெயர் ‘டிஎக்ஸ்டி’ என்று முடிவதாகக் கண்ணுக்குத் தெரியும். வெறும் எழுத்துக் கோப்புதானே என்று தோன்றும். ஆனால் அதற்கும் பின்னால் ‘விபிஎஸ்’ என்று இன்னொரு பின்னொட்டு இருந்தது. அப்படி முடியும் கோப்பு, திறந்தவுடன் இயங்கத் தொடங்கும் நிரல். அந்தக் கடைசி எழுத்துகளை விண்டோஸ் மறைத்துவிட்டது. திறந்தவர்களின் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் அவர்கள் பெயரிலேயே அதே கடிதம் போய்ச் சேர்ந்தது. சேமித்து வைத்திருந்த படங்கள் அழிந்தன.

கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்றும் விண்டோஸ் அந்தப் பின்னொட்டை மறைத்துத்தான் வைத்திருக்கிறது. இதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன். நாம் மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் 11 என்றால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’, அதற்குள் ‘ஷோ’, அதற்குள் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு, ரசீது என்று சொல்லி வந்த கோப்பு ‘பிடிஎஃப்’ என்பதையும் தாண்டி ‘எக்ஸ்இ’ என்று முடிந்தால் அது பளிச்சென்று தெரிந்துவிடும். திறக்காமல் அழித்துவிடலாம்.

அண்மைக் காலத்தில் பரவியிருக்கும் ஒரு தந்திரத்தைச் சற்று நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏதோ ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். ‘நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யுங்கள்’ என்று ஒரு பெட்டி வருகிறது. பழகிய ஒன்றுதான்; அழுத்துகிறீர்கள். உடனே மூன்று படிகள் தோன்றுகின்றன. முதலில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அடுத்து கன்ட்ரோல், வி. கடைசியாக என்டர். அவ்வளவுதான் என்கிறது பக்கம். நடந்தது என்ன? நீங்கள் முதலில் அழுத்தியபோதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்களுக்குத் தெரியாமல் நகலெடுத்து வைத்துவிட்டது. பிறகு கட்டளை இடும் பெட்டியைத் திறந்து, அதை ஒட்டி, இயக்கியதெல்லாம் நீங்களே. உரிமையாளர் தம் கையால் கொடுத்த கட்டளை என்பதால் தடுப்பு மென்பொருள் சில வேளைகளில் ஏமாந்துபோகிறது. மனிதர்தானா என்று சோதிக்கும் எந்த உண்மையான பக்கமும் உங்கள் கணினியில் கட்டளையை ஒட்டச் சொல்லாது. விசைப்பலகையில் இதை அழுத்து, அதை அழுத்து என்று ஒரு பக்கம் சொன்னால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

திரை முழுவதையும் மறைத்து, அலறல் ஒலியோடு, ‘உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்’ என்று வருவதும் இதே இனம். அது வெறும் இணையப் பக்கம். ஆல்ட், எஃப் 4 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் மூடிவிடும். எண்ணை அழைப்பதில்தான் ஆபத்து. மறுமுனையில் பேசுபவர் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்பார். கொடுத்தால் அடுத்த இலக்கு உங்கள் வங்கிக் கணக்கு.

விலைகொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுப் பதிப்பாக இறக்குவதைப் பற்றி நான் கடுமையாகவே பேசுவேன். ‘தடுப்பு மென்பொருளை அணைத்துவிட்டு நிறுவவும்’ என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருப்பார்கள். இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறென்ன வேண்டும்? அதோடு வரும் நிரல்கள் பலவும் உலவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடுகின்றன. நீங்கள் ஏற்கெனவே ஒரு தளத்தில் உள்நுழைந்திருப்பதைக் காட்ட உலவி சேமித்து வைக்கும் சிறு குறிப்புகளான குக்கிகளையும் எடுத்துச் செல்கின்றன. அந்தக் குக்கி கையில் இருந்தால் கடவுச்சொல்லும் தேவையில்லை, கைபேசிக்கு வரும் குறியீடும் தேவையில்லை.

நாம் எதையும் அழுத்தாமலேயே நுழைபவையும் உண்டு. அவற்றுக்கு மருந்து, விண்டோஸ் தரும் புதுப்பிப்புகள். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற நிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப்போட்டு, திறந்துவிட 300 டாலர் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அது நிறுவப்படாமல் கிடந்த கணினிகள்தான் சிக்கின. ‘பிறகு நினைவூட்டு’ என்ற பொத்தான் எவ்வளவு விலை உயர்ந்தது பாருங்கள். விண்டோஸ் 10 பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்யாத கணினிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவதில்லை.

இத்தனை எச்சரிக்கையோடு இருந்தும் ஒரு நாள் பூட்டு விழலாம். அன்றைக்குக் கைகொடுப்பது நகல் ஒன்றே. வெளி வன்தட்டு ஒன்றில் படங்களையும் ஆவணங்களையும் நகலெடுத்து, எடுத்த கையோடு இணைப்பைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் வன்தட்டு, கணினியோடு சேர்ந்தே பூட்டப்பட்டுவிடும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை எந்தப் பணத்தாலும் மறுபடி எடுக்க முடியாது. அவற்றை இழந்து கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தீங்கு நிரல் நுழைந்துவிட்டது என்று ஐயம் எழுந்தால் முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். திருடப்பட்ட குக்கிகள் பெரும்பாலும் அதோடு செல்லாதவையாகும். பிறகு வங்கிக் கடவுச்சொல்.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டால் கட்டாதீர்கள். கட்டியவர்கள் அனைவருக்கும் கோப்புகள் திரும்பக் கிடைத்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில், பலவகைப் பூட்டுகளுக்கான திறவுகோல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்களுக்குரியது இன்று அங்கே இல்லாவிட்டாலும் பூட்டப்பட்ட கோப்புகளை அழித்துவிட வேண்டாம். டெஸ்லாகிரிப்ட் என்ற பூட்டு நிரலை எழுதியவர்களே 2016 மே மாதத்தில் அது போட்ட பூட்டுகளைத் திறக்கும் முதன்மைத் திறவுகோலை வெளியிட்டார்கள். அதுவரை கோப்புகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு அவை திரும்பக் கிடைத்தன.

நன்றி, வணக்கம்.