குச்சவெளியில ரெண்டு இரவு: ஏசி வேண்டாம், கொமட் வேணும்

வணக்கம் எல்லாருக்கும். சத்தம் ஒழுங்காக் கேக்குதோ? கச்சான் அடிக்குது, அதுதான் சீலைத் தலைப்பால போனைப் பொத்திக்கொண்டு கதைக்கிறன். கொறிக்கிற கச்சான், அதுதான் நிலக்கடலை, அது இல்ல, காத்து. தரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்தெண்டதால கடலைப் பாருங்கோ, குளம் மாதிரிக் கிடக்கு. கொறிக்கிற கச்சானை இவர், என்ர மனுசன், அங்கால பூவரசுக்குக் கீழ வச்சுக்கொண்டு இருக்கிறார். வீடியோவுக்கு வரமாட்டாராம். விடுங்கோ.

குச்சவெளியில நிக்கிறம். திருக்கோணமலை ரவுணில இருந்து வடக்கால 34 கிலோமீற்றர். கலியாணம் முடிச்ச நாளில இருந்து ரவுணில இருக்கிறம், ஒரு நாளும் இஞ்ச படுத்தெழும்பினதில்ல. எங்கட இளவயசில இந்த ரோட்டால வாறது சும்மா அலுவலே? சண்டைக் காலம், ஆமிச் சென்றிக்குச் சென்றி இறங்கி நடக்கவேணும். ரோட்டுத் திறந்தாப்பிறகு பிள்ளையளின்ர படிப்பு, அது முடிய முழங்கால் வருத்தம்.

புல்மோட்டை பஸ்ஸிலதான் வந்தனாங்கள். ஸ்ராண்டிலயே ஏறுங்கோ, நடுவழியில மறிச்சா நிண்டுகொண்டுதான் வரவேணும். கடல் வலப்பக்கம். காலமை வெயிலும் அந்தப் பக்கம்தான், அதால நான் இடப்பக்கம், அவர் வலப்பக்கம் எண்டு சண்டை. இறக்ககண்டிப் பாலத்தில ரெண்டு பக்கமும் தண்ணி எண்டதால சண்டையும் அதோட முடிஞ்சுது.

வழியில நிலாவெளியில இறங்கிப் புறாமலைத் தீவுக்குப் போகேல்லையோ எண்டு கேப்பியள். கரையில இருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான், ஆனா படகுக் காசு ஆளுக்கில்ல, படகுக்கு. ரெண்டு பேர் போனாலும் முழுக் காசு. நாலஞ்சு பேர் சேர்ந்தா பங்கு போடலாம். பூங்கா ரிக்கற் வேற. அதோட படகில ஏறி இறங்க இவரை ஆர் தூக்கிறது?

இனி ரூம் கதை. முதல் பாத்தது மேல்மாடி. ஏசி, கடல் எல்லாம் தெரியும், 6000 ரூபா. படியை எண்ணினன், பதினெட்டு. வேண்டாம் எண்டிட்டு வந்திட்டன். ரெண்டாவது ஒரு அக்கான்ர வீட்டின்ர பின்னறை, ஃபான் மட்டும், 2500. நான் வாசல்ல நிண்டு கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சி, கொமட் இருக்கோ?" சிரிக்காதேங்கோ. குந்துற கக்கூசில நான் இருந்தா எழுப்ப ரெண்டு பேர் வேணும். கொமட் இருந்துது. வெளிநாட்டுப் பொடியள் போடுற வீடியோவில ஒருத்தரும் இதைச் சொல்லமாட்டினம், அதால நான் சொல்லுறன். இவருக்குக் கடலுக்கு முன்னால நித்திரை வராது, 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு அப்பிடித்தான். பின்னறை எண்டவுடன சரியெண்டு பையை வச்சிட்டார்.

ஓ, முதல்ல அக்கா எண்டன், பிறகு தங்கச்சி எண்டன் என்ன? ஆள் என்னைவிட இளம்தான். ஆனா சமைச்சதைச் சாப்பிட்டாப்பிறகு அக்கா எண்டுதான் வாயில வருது.

சமைச்சது என்னெண்டு கேளுங்கோ. விடிய ஆறு மணிக்குக் கரைவலை இழுத்தவை. வலையைப் படகில கொண்டுபோய் வளைச்சுப் போட்டிட்டு, ரெண்டு கயித்தையும் கரையில நிண்டு இழுக்கிறது. ரெண்டு பக்கத்தாரும் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட வருவினம். உழவு மெசினால இழுக்கிற இடங்களும் இருக்கு, நாங்கள் பாத்தது கையாலதான். இவர் போய்க் கயித்தில கை வச்சார். அறுபத்தொன்பது வயசு, பிறசர் குளிசை போடாத வயித்தோட! நான் கத்தினது வலைச் சொந்தக்காரச் சம்மாட்டிக்கும் கேட்டிருக்கும். அந்த மனுசன் சிரிச்சுக்கொண்டு, "ஐயா, நீங்கள் அம்பா பாடுங்கோ, நாங்கள் இழுக்கிறம்" எண்டார். அம்பா எண்டா வலை இழுக்கேக்க பாடுற பாட்டு. இவருக்கு ரெண்டு வரிதான் தெரியும். அதையே மடி, அதுதான் மீன் சேருற வலைப் பை, கரைக்கு வருமட்டும் திருப்பித் திருப்பிப் பாடினார்.

மடிக்குள்ள பெரிசா ஒண்டுமில்ல. எல்லாம் சின்ன மீன்: கீரியும் சூடையும், கொஞ்சம் நெத்தலி. அதில 400 ரூபாவுக்கு வாங்கின சூடையிலதான் காலமைச் சாப்பாடு. பொரிச்சு, புட்டோட, பச்சை மிளகாய் கூடப் போட்ட சொதி. தேங்காய்க்கும் அரிசி மாவுக்கும் அந்த அக்கா தனிய 600 எடுத்தா. கடையில ரெண்டு பேர் இந்தச் சாப்பாடு சாப்பிட்டிருந்தா எவ்வளவு வந்திருக்கும் எண்டு இவர் இன்னும் கணக்குப் பாக்கிறார்.

பின்னேரம் கடலோரப் பாறைக்குப் போனம். கல்லில பழைய சமஸ்கிருத எழுத்து வெட்டியிருக்கு, பக்கத்தில தூபி உருவங்களும். வெயில் சாயேக்க போனாத்தான் வெட்டுத் தெரியும், மத்தியானம் வெறும் கல்லுத்தான்.

குளிக்கிறதெண்டா முழங்கால் அளவோட நில்லுங்கோ, கடல் சும்மா இருக்குதெண்டு நம்பவேண்டாம். ஐப்பசி பிறந்தா வரவே வேண்டாம், அப்ப இந்தக் கடல் வேற ஆள். சில்லறைக் காசு கொண்டுவாங்கோ, மருந்து ஒரு நாளுக்குக் கூடக் கொண்டுவாங்கோ.

பொறுங்கோ... என்னப்பா? கச்சான் முடிஞ்சுதோ? எனக்கு ஒண்டும் வைக்கேல்லையோ? சரி, நான் போனை நிப்பாட்டிறன்.