எரிச்சல் எங்கிருந்து வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

"டாக்டர், அது இருந்தால்தான் யாரிடமும் எரிந்து விழாமல் இருக்க முடிகிறது." தினமும் கஞ்சா பிடிக்கும் இளைஞர்கள் பலர் சொல்வது இது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எரிச்சலே பாதி கஞ்சா கொடுத்ததாக இருக்கலாம்.

பயத்தையும் கோபத்தையும் சட்டென்று கிளப்புவதில் அமிக்டலா என்ற மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை 'சரி, விடு' என்று அதை அடக்கும். இரண்டு இடங்களிலும் சிபி-1 என்ற ஏற்பிகள், அதாவது சில வேதிப்பொருட்கள் வந்து ஒட்டும் இடங்கள், இருக்கின்றன. மூளை தானே தயாரிக்கும் ஆனந்தமைடு என்ற வேதிப்பொருள் அவற்றில் தேவைப்படும்போது மட்டும் ஒட்டி, சீக்கிரம் சிதைந்துவிடும். ஜெருசலேமில் ரஃபேல் மெக்கூலம் குழுவினர் 1992-இல் கண்டுபிடித்த பொருள் அது. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருளும் அதே ஏற்பிகளில்தான் ஒட்டுகிறது. ஆனால் லேசில் சிதைவதில்லை. நாள்தோறும் இப்படி நடந்தால் மூளை ஏற்பிகளின் எண்ணிக்கையையே குறைத்துவிடுகிறது. அப்புறம் ஆனந்தமைடு இருந்தும் எரிச்சலை அடக்கும் வேலை பழையபடி நடக்காது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, சிரித்த முகம், கோப முகம் என்று வரிசையாகக் காட்டினார்கள். கஞ்சா பிடிப்பவர்களின் மூளை கோப முகத்துக்குக் கூடுதலாகவும், சிரித்த முகத்துக்குக் குறைவாகவும் எதிர்வினை காட்டியது. முகத்தில் என்ன உணர்ச்சி என்று நேராகக் கேட்டபோது சரியாகவே சொன்னார்கள். ஆணா பெண்ணா என்று பார்க்கச் சொல்லிவிட்டு உணர்ச்சியைக் கேட்டபோதுதான் தடுமாறினார்கள். வீட்டிலும் வேலையிடத்திலும் யாரும் 'என் முகத்தைப் படி' என்று சொல்லிவிட்டுப் பேசுவதில்லையே! ஆனால் இதற்குக் கஞ்சாதான் காரணம் என்று இந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. முன்பே அப்படி இருந்தவர்கள் கஞ்சாவை நாடியிருக்கலாம்.

நிறுத்தும்போது நடப்பதைக் குடும்பத்தார் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓரிரு நாளில் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, பசியின்மை தொடங்கும். முதல் வாரம்தான் மோசம். "இதற்கு அவன் பிடித்துக்கொண்டே இருந்திருக்கலாம்" என்று அம்மாக்களே சொல்லிவிடுவார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் தணிந்துவிடும். தூக்கம் மட்டும் இன்னும் சில நாள் படுத்தலாம். ஏறக்குறைய நான்கு வாரம் நிறுத்தியவர்களிடம் ஏற்பிகள் பெருமளவு மீண்டதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன.

அந்த முதல் வாரத்தைத் தனியாகத் தாண்ட வேண்டியதில்லை. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். நன்றி, வணக்கம்.