வண்ணத்தைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்: அழகும் பயனும் சேர்ந்த அறைகளை அமைக்கும் முறை

[காட்சி: பொருள்கள் எதுவும் இல்லாத அறை. சன்னல் வழியே பகல் ஒளி. தரையில் ஒரு பெயிண்ட் வண்ண அட்டை.]

குரல்: வணக்கம். அறையைப் புதுப்பிக்கும் எண்ணம் வந்தவுடன் பெரும்பாலோர் முதலில் கையில் எடுப்பது பெயிண்ட் வண்ண அட்டையைத்தான். அந்த அட்டையை இந்த வீடியோவின் இறுதிப் பகுதி வரை ஒதுக்கி வைத்துவிடுவோம். சுவர் வண்ணம் ஆயிரக்கணக்கான சாயல்களில் கிடைக்கிறது. பிடிக்காவிட்டால் மாற்றவும் முடிகிறது. சோபாத் துணியும் தரைவிரிப்பும் திரைச்சீலையும் அப்படியல்ல, அவை குறிப்பிட்ட சில நிறங்களில்தான் கிடைக்கும். குறைவாகக் கிடைப்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, ஏராளமாகக் கிடைப்பதை அதற்குப் பொருத்துவது எளிது. நடப்பதற்கான வழி, ஒளி, பொருள்களை வைக்கும் இடம் ஆகியவை துணிகளுக்கும் முந்தியவை. இவை சரியாக அமையாத அறையில் எந்த வண்ணமும் சில வாரங்களுக்கு மேல் மகிழ்ச்சி தராது.

[காட்சி: ஒருவர் அளவு நாடாவால் அறையை அளந்து, தரையில் மாஸ்கிங் டேப்பை ஒட்டுகிறார்.]

முதலில் அறையின் நீள அகலங்களை அளந்து தாளில் வரைந்துகொள்ளுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சுவிட்சுகளும் பிளக் பாயிண்டுகளும் எங்கே இருக்கின்றன என்பவையும் அந்த வரைபடத்தில் இடம்பெற வேண்டும். பிறகு, வாங்க நினைக்கும் சோபா அல்லது கட்டிலின் அளவை மாஸ்கிங் டேப்பால் தரையில் ஒட்டி, இரண்டு மூன்று நாள்கள் அந்தக் கோடுகளைச் சுற்றியே நடந்து பாருங்கள். கடையின் விரிந்த கூடத்தில் அடக்கமாகத் தெரிந்த சோபா, வீட்டுக்குள் வந்தபின் பால்கனிக் கதவை மறித்து நிற்கும் கதை பலருக்கும் தெரிந்ததுதான்.

அடிக்கடி நடக்கும் வழிக்கு 90 செ.மீ. அகலம் வசதியானது, 75 செ.மீ.க்குக் குறைந்தால் உடலைத் திருப்பிக்கொண்டு போக நேரும். சோபாவுக்கும் டீபாய்க்கும் இடையே 40 முதல் 45 செ.மீ. வரை இருந்தால் கால்களுக்கும் இடம் கிடைக்கும், எட்டாத தூரமாகவும் இராது. கட்டிலின் இரு பக்கங்களிலும் 60 செ.மீ. விட்டால் விரிப்பை மாற்றுவது கூடச் சிரமமில்லாத வேலையாகும். சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கு ஏறத்தாழ 60 செ.மீ. அகலம் தேவை, அமர்ந்திருப்பவரின் பின்னால் மற்றொருவர் கடந்து செல்ல வேண்டுமானால், மேசை விளிம்புக்கும் சுவருக்கும் இடையே 90 செ.மீ.யாவது இருக்க வேண்டும்.

சிறிய அறைக்குச் சிறிய பொருள்களே பொருந்தும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதிதான் சரி. நான்கு சிறிய இருக்கைகளும் மூன்று குட்டி மேசைகளும் நிறைந்த அறையைவிட, சரியான அளவுள்ள ஒரே ஒரு சோபாவும் ஒரு டீபாயும் இருக்கும் அறை விசாலமாகத் தோன்றும், ஏனெனில் அதில் கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளும் கால்களும் குறைவு. தரைவிரிப்பும் இப்படித்தான். நடுவில் தனியே கிடக்கும் சிறு விரிப்பு அறையைத் துண்டாக்குகிறது. சோபாவின் முன்கால்களாவது ஏறி நிற்கும் அளவுக்கு விரிப்பு பெரிதாக இருந்தால், இருக்கைகள் எல்லாம் ஒரே குழுவாகச் சேர்ந்துவிடுகின்றன.

[காட்சி: கூரையின் நடுவில் ஒரே விளக்கு. அதன் கீழ் எழுதுபவரின் கையின் நிழல் தாளின் மீது விழுகிறது.]

இனி ஒளி. பெரும்பாலான வீடுகளில் ஓர் அறைக்குக் கூரையிலோ சுவரிலோ ஒரே ஒரு விளக்குதான் இருக்கிறது. அறை முழுவதும் வெளிச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் சுவரை ஒட்டிய மேசையில் அமர்ந்து எழுதினால் நம் நிழலே தாளை மறைக்கும். இதற்கு வாட் கூடிய பல்பைப் போடுவது தீர்வாகாது. சிறிய விளக்கிலிருந்து வரும் ஒளியின் செறிவு, தூரம் இரு மடங்கானால் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. கூரையில் இரண்டு மீட்டர் தொலைவில் எரியும் பெரிய விளக்கைவிட, அரை மீட்டர் தொலைவில் இருக்கும் சிறிய மேசை விளக்கு புத்தகத்தின் மீது அதிக ஒளி தருவதற்குக் காரணம் இதுவே. ஆகவே அறை முழுவதற்குமான பொது விளக்கு ஒன்று, வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் ஒன்று, சுவரையோ அலமாரியையோ மென்மையாக ஒளிரச் செய்யும் விளக்கு ஒன்று எனப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும் மேசையின் விளக்கு, எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கட்டும். கணினித் திரையைச் சன்னலைப் பார்த்தபடியும் வைக்காதீர்கள், சன்னலுக்கு முதுகு காட்டியும் வைக்காதீர்கள். சன்னல் பக்கவாட்டில் இருந்தால் திரையில் பிரதிபலிப்பும் விழாது, கண்ணும் கூசாது.

[காட்சி: எல்.இ.டி. பல்பின் அட்டைப் பெட்டி. அதில் அச்சிடப்பட்ட எண்கள் பெரிதாகத் தெரிகின்றன.]

பல்பு வாங்கும்போது பெட்டியின் மேல் இருக்கும் நான்கு எண்களைப் பாருங்கள். வாட் என்பது அது செலவிடும் மின்சாரத்தின் அளவு மட்டுமே. எவ்வளவு ஒளி கிடைக்கும் என்பதைச் சொல்வது லுமென். ஒளியின் நிறத்தைச் சொல்வது கெல்வின். இங்கே எண் ஏற ஏற ஒளி நீலச் சாயலுக்குப் போகும் என்பது பலரைக் குழப்புகிறது. 2700 கெல்வின் மஞ்சள் சாயலுள்ள இதமான ஒளி, 4000 கெல்வின் நடுநிலையான வெள்ளை, 6500 கெல்வின் மேகமூட்டமான பகலின் நீலவெண்மை. படுக்கையறைக்கும் வரவேற்பறைக்கும் 2700 அல்லது 3000, சமைக்கும் இடத்துக்கும் வேலை மேசைக்கும் 4000 என்பது என் பரிந்துரை. எதைத் தேர்ந்தாலும் ஒரே அறையில் எரியும் பொது விளக்குகள் அனைத்தும் ஒரே கெல்வினாக இருக்க வேண்டும். ஒரு மூலை மஞ்சளாகவும் மறு மூலை நீலமாகவும் இருக்கும் அறையில் விலையுயர்ந்த பொருள்கள் கூட எடுபடுவதில்லை. நான்காவது எண், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. அதன் உச்ச அளவு 100. 80 என்பது பரவலாகக் கிடைப்பது. உடை மாற்றும் கண்ணாடிக்கு அருகிலும் ஓவியங்கள் மாட்டிய சுவரிலும் 90க்கு மேல் இருந்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

பகல் ஒளியைக் கூட்டுவதற்குத் திரைச்சீலைக் கம்பியை மாற்றி அமைப்பதே செலவு குறைந்த வழி. கம்பியைச் சன்னல் சட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டிப் பொருத்தாமல் கூரைக்கு அருகில் ஏற்றி, இரு பக்கமும் 15 முதல் 25 செ.மீ. வரை நீட்டிவிட்டால், திறந்த திரைச்சீலை கண்ணாடியை மறைக்காமல் சுவர்ப்பக்கம் ஒதுங்கி நிற்கும். சன்னலும் உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும். துணியின் மொத்த அகலம் கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது இருந்தால்தான் மூடியபோதும் மடிப்புகள் அழகாக விழும். முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டினால் அறை பெரிதாகும் என்பார்கள். கண்ணாடி எதிரே இருப்பதை இரட்டிக்கிறது, அவ்வளவுதான். எதிரே சன்னல் இருந்தால் சன்னல் இரண்டாகும். துணிக் குவியல் இருந்தால் அதுவும் இரண்டாகும்.

[காட்சி: ஒடுங்கிய சமையலறை ஒன்றின் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம்.]

பொருள்களை வைக்கும் இடத்தைப் பற்றிப் பேசும்போது, 1926ஆம் ஆண்டு மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த பிராங்க்பர்ட் சமையலறையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் மட்டுமே கொண்ட அந்த அறையை, வேலை எந்த வரிசையில் நடக்கிறது, அதற்காக எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டு அவர் அமைத்தார். ரயில் உணவுப் பெட்டிகளின் குறுகிய சமையலறைகள் அவருக்கு முன்மாதிரியாக இருந்தன. பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், கூரையில் ஒரு தண்டவாளத்தில் நகர்த்தக்கூடிய விளக்கு, உட்கார்ந்து வேலை செய்யச் சுழல் நாற்காலி ஆகியவை அதில் இருந்தன. அறைக்கேற்ப வேலையை மாற்றிக்கொள்ளாமல், வேலைக்கேற்ப அறையை அமைத்தார் என்பதே அதன் சிறப்பு. இன்றைய வரவேற்பறைக்கும் இது பொருந்தும். தினமும் எடுக்கும் பொருள் இடுப்புக்கும் கண்மட்டத்துக்கும் இடையே, அதைப் பயன்படுத்தும் இடத்துக்கு அருகிலேயே இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது மேலே போகட்டும். வாசலருகே சாவிக்கும் செருப்புக்கும் பைக்கும் இடம் இல்லாவிட்டால், அவை டீபாயின் மீதும் சோபாவின் மீதும்தான் வந்து சேரும். அதைச் சோம்பல் என்று திட்டுவதில் பயனில்லை.

[காட்சி: நடுவில் தொய்ந்த புத்தகப் பலகை. அருகே தடித்த, குட்டையான பலகை.]

அலமாரியின் ஆழமும் கவனத்துக்குரியது. ஹேங்கரில் தொங்கும் உடைகளுக்கு 60 செ.மீ. ஆழம் வேண்டும், பெரும்பாலான புத்தகங்களுக்கு 25 முதல் 30 செ.மீ. போதும். தேவைக்கு மீறிய ஆழத்தில் பொருள்கள் இரண்டு வரிசையாக நிற்கும், பின்வரிசை மறக்கப்படும். பலகையின் நீளத்தை முடிவு செய்யும்போது இயற்பியலையும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை புத்தகங்கள் அடுக்கிய பலகையின் நீளத்தை இரு மடங்காக்கினால், நடுவில் ஏற்படும் தொய்வு 16 மடங்காகிறது. அதே பலகையின் தடிமனை இரு மடங்காக்கினால் தொய்வு 8இல் ஒரு பங்காகக் குறைகிறது. எனவே 18 மி.மீ. தடிமனுள்ள மரத்துகள் பலகையில் புத்தகங்களை வைப்பதானால் தாங்கிகளுக்கு இடையிலான தூரம் 60 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. நீளம் குறைக்க முடியாத இடத்தில், பலகையின் முன்விளிம்புக்கு அடியில் 4 அல்லது 5 செ.மீ. உயரமுள்ள ஒரு மரப்பட்டையை நெட்டுக்குத்தாகப் பொருத்தினால் பலகை விறைப்பாக நிற்கும்.

உயரமான அலமாரியையும் இழுப்பறைப் பெட்டியையும் சுவரோடு திருகாணியால் பிணைப்பது கட்டாயம். குழந்தை ஒன்று கீழ் இழுப்பறைகளைத் திறந்து படியாக ஏறினால் முழுப் பெட்டியும் முன்பக்கம் சாயக்கூடும்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவர்களும் கண்ணாடி மேசையும் சேர்ந்த அறையில் பேச்சு எதிரொலிக்கும்; தடித்த திரைச்சீலை, தரைவிரிப்பு, துணி இருக்கை, நிறைந்த புத்தக அலமாரி ஆகியவை அதை உறிஞ்சிக்கொள்ளும். செடிகளைக் கண்ணுக்கு இனியவை என்பதற்காகவே வையுங்கள். காற்றைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்க வேண்டாம். திறந்த சன்னலுக்கு ஈடான பயனைப் பெற வேண்டுமானால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்தது பத்துச் செடிகளாவது தேவைப்படும் என்று 2019இல் வெளியான ஆய்வுக் கட்டுரை கணக்கிட்டது. ஓவியங்களின் மையப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால், நிற்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.

[காட்சி: முதலில் கண்ட வண்ண அட்டையைக் கை ஒன்று எடுக்கிறது.]

இப்போது வண்ண அட்டையை எடுக்கலாம். சோபாவும் விரிப்பும் திரைச்சீலையும் முடிவாகிவிட்டன. விளக்குகளின் கெல்வினும் தெரியும். பல நிறுவனங்கள் ஒவ்வொரு சாயலுக்கும் ஒளிப் பிரதிபலிப்பு மதிப்பு ஒன்றைத் தருகின்றன. 0க்கு அருகில் இருந்தால் விழும் ஒளியை விழுங்கும் கருமை, 100க்கு அருகில் இருந்தால் திருப்பி அனுப்பும் வெண்மை. இருண்ட அறையில் 70க்கு மேற்பட்ட சாயல் உதவும். ஆனால் சன்னலே இல்லாத சிறு அறையை வெள்ளையடித்து வெளிச்சமாக்க முடியாது, அங்கே வெள்ளை சாம்பலாகவே தெரியும், அதைவிட ஆழ்ந்த நிறத்தைத் துணிந்து பூசலாம். பளபளப்பில்லாத மேட் பூச்சு சுவரின் மேடுபள்ளங்களை மறைக்கும், ஆனால் கறை துடைக்கக் கடினம். இலேசான பளபளப்புள்ள சாட்டின் பூச்சு துடைக்க எளிது, ஆனால் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். நடைவழிக்கும் குழந்தைகளின் அறைக்கும் சாட்டினையும் கூரைக்கு மேட்டையும் நான் தேர்ந்தெடுப்பேன்.

விரல் நக அளவுள்ள சாயலை அட்டையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தாள் அளவுள்ள ஓர் அட்டையில் இரண்டு கோட்டுகள் பூசி, உலர்ந்தபின் காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும், சன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் சன்னல் இருக்கும் சுவரிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். பகலில் ஒன்றுபோலத் தெரிந்த திரைச்சீலையும் சுவரும் இரவில் பிரிந்து தெரிவது உண்டு. பூசும் நாள்களிலும் அதன்பின் சில நாள்களும் சன்னல்களைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும் சாயலின் எண்ணையும் பூச்சின் வகையையும் குறித்துவைத்து, மிஞ்சிய பெயிண்டைக் காற்றுப் புகாத சிறு டப்பாவில் மூடி வைத்துக்கொண்டால், சுவரில் விழும் முதல் கீறலுக்காக முழு அறையையும் மீண்டும் பூச வேண்டியிராது.