அரை ரெப் போடுகிறீர்கள், சரி, எந்த அரை?

வணக்கம் நண்பர்களே. எடைப் பயிற்சியை முழு வீச்சில், அதாவது மூட்டு அசையக்கூடிய முழுத் தூரத்துக்கும், செய்ய வேண்டுமா, பாதி வீச்சில் செய்தாலே போதுமா என்ற கேள்வி நம் சேனலுக்குத் தொடர்ந்து வருகிறது. பாதி என்றால் எந்தப் பாதி என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது என்பது என் கருத்து. ஏனெனில் ஜிம்மில் அரை ரெப் (ரெப் என்பது ஓர் அசைவை ஒருமுறை செய்து முடிப்பது) போடுகிறவர்களில் பெரும்பாலோர் விட்டுவிடுகிற பாதிதான் தசை வளர்ச்சிக்கு அதிகம் உதவுகிற பாதி.

இப்போது திரையில் ஓடும் காட்சியைப் பாருங்கள். கேமராவுக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரே பார்பெல்லை (இரு முனையிலும் எடைத் தட்டு மாட்டிய கம்பி) தோளில் வைத்து, இரண்டு விதமாக ஸ்குவாட், அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சி, செய்கிறேன். முதல் ரெப்பில் முழங்கால் கொஞ்சம் மடங்கியதுமே எழுந்துவிடுகிறேன். இரண்டாவதில் இடுப்பின் மடிப்பு முழங்காலின் மேற்பரப்பைவிடத் தாழ்வாகப் போகும்வரை இறங்குகிறேன். முதல் வகையில் அதிக எடை தூக்க முடிவதற்குக் காரணம் வெறும் நெம்புகோல் கணக்குதான். நிமிர்ந்து நிற்கையில் பார்பெல்லிலிருந்து தரைக்கு இறங்கும் செங்குத்துக் கோடு இடுப்புக்கும் முழங்காலுக்கும் மிக அருகிலேயே செல்கிறது. தொடை தரைக்கு இணையாக வரும்போது அந்தக் கோட்டுக்கும் மூட்டுகளுக்கும் இடையிலான கிடைத்தூரம் உச்சத்தைத் தொடுகிறது. ஆகவே பாரில் எத்தனை தட்டுகள் மாட்டியிருக்கிறோம் என்பதை மட்டும் வைத்துத் தசைக்கு விழுகிற சுமையை அளந்துவிட முடியாது. தட்டுகளை எண்ணிப் பெருமைப்படுகிறவர்களுக்கு இது கொஞ்சம் கசப்பான செய்தி.

ஆய்வுகளுக்கு வருவோம். பிரேசிலைச் சேர்ந்த பின்டோவும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்களில் ஒரு பிரிவினர் முழங்கையை 0 முதல் 130 டிகிரிவரை முழுதாக மடக்கி நீட்டியும், இன்னொரு பிரிவினர் 50 முதல் 100 டிகிரிவரை நடுப்பகுதியில் மட்டும் அசைத்தும் பத்து வாரம் பயிற்சி செய்தார்கள். வலிமை முழு வீச்சுப் பிரிவில் 25.7 சதவீதமும் பாதி வீச்சுப் பிரிவில் 16 சதவீதமும் உயர்ந்தது. தசையின் தடிமன் முறையே ஏறத்தாழ 9.5, 7.4 சதவீதம் கூடியது. அதாவது பாதி வீச்சிலும் தசை வளரத்தான் செய்தது.

ஸ்குவாட் பற்றி ஜப்பானில் கூபோ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதன் விடை ஒரே சொல்லில் அடங்குவதாக இல்லை. முழு ஸ்குவாட் செய்தவர்களுக்கும் 90 டிகிரியோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கும் தொடையின் முன்பக்கத் தசைகள் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பெருத்தன: 4.9 சதவீதம், 4.6 சதவீதம். ஆனால் பிட்டத் தசை முழு ஸ்குவாட்டில் 6.7 சதவீதமும் அரை ஸ்குவாட்டில் 2.2 சதவீதமும் வளர்ந்திருந்தது. உள்தொடைத் தசைகள் 6.2 சதவீதமும் 2.7 சதவீதமும் வளர்ந்திருந்தன. ஆழத்திலிருந்து உடலை மேலே தள்ளும் வேலையில் இந்த இரண்டு தசைகளுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதால், ஆழத்தைத் தவிர்க்கிறவர் அந்த வேலையையே அவற்றுக்குக் கொடுக்காமல் விட்டுவிடுகிறார். தொடையின் பின்பக்கத் தசைகளோ இரண்டு முறையிலும் குறிப்பிடும்படி வளரவில்லை. அவற்றுக்கு, எடைக்கு எதிராக முழங்காலை மடக்கும் லெக் கர்ல் போன்ற தனிப் பயிற்சி தேவை.

இனி, எந்தப் பாதி என்ற கேள்வி. இதற்குக் கெண்டைக்காலைவிட நல்ல உதாரணம் இல்லை. காஸியானோ குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், இளம் பெண்கள் மூன்று பிரிவுகளாக எட்டு வாரம் குதிகாலை உயர்த்தி இறக்கும் காஃப் ரெய்ஸ் செய்தார்கள். ஒரு பிரிவு முழு வீச்சிலும், ஒரு பிரிவு தசை நீண்டிருக்கும் முதல் பாதியில் மட்டும், இன்னொரு பிரிவு தசை சுருங்கியிருக்கும் கடைசிப் பாதியில் மட்டும் அசைத்தது. கெண்டைக்காலின் உட்புறத் தசை முதல் பாதியில் மட்டும் செய்தவர்களுக்கு 15.2 சதவீதமும், முழு வீச்சில் செய்தவர்களுக்கு 6.7 சதவீதமும், கடைசிப் பாதியில் மட்டும் செய்தவர்களுக்கு 3.4 சதவீதமும் தடித்தது. உட்கார்ந்து முழங்காலை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரத்தில் பெட்ரோசா குழுவினர் செய்த ஆய்விலும் இதே சாய்வைக் காணலாம்: முழங்காலை நன்றாக மடக்கிய 100 முதல் 65 டிகிரிவரை உழைத்தவர்கள், 65 முதல் 30 டிகிரிவரை உழைத்தவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம், காட்டுகிறேன். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, முழங்காலை நீட்டியபடி, குதிகாலை விளிம்புக்குக் கீழே மெதுவாக இறக்குங்கள். கெண்டைக்கால் முழங்காலின் பின்புறம்வரை இழுபடுகிற இடம் ஒன்று வரும். அங்கே இரண்டு வினாடி அசையாமல் நில்லுங்கள். நிற்காமல் துள்ளி எழுந்தால் குதிகாலின் தசைநாண் ஸ்பிரிங்கைப் போல நம்மை மேலே தூக்கிவிடும், தசைக்கு வேலை குறைந்துவிடும். நின்றபின் பாதம் சமமட்டத்துக்கு வரும்வரை மட்டும் ஏறி, மறுபடியும் இறங்குங்கள். எப்போதும் நுனிக்காலில் நின்று குட்டிக் குட்டியாக ஆட்டிப் பழகியவர்களுக்கு வழக்கமான எடை இங்கே தாங்காது, தாராளமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக முழு வீச்சை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டியதில்லை. மைலோ வுல்ஃப் குழுவினர் 2025-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே பயிற்சி உள்ளவர்கள் உடலின் ஒரு பக்கத்துக்கு முழு வீச்சும் மறுபக்கத்துக்குத் தசை நீண்டிருக்கும் பாதி வீச்சும் கொடுத்து எட்டு வாரம் பயிற்சி செய்தார்கள். மேல்உடலில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வளர்ந்தன. இன்ஸ்டாகிராமில் இந்த நீட்டிய அரை ரெப்பை ஏதோ மந்திரம் போல விற்பவர்களின் பேச்சைப் பாதி தள்ளுபடி செய்தே கேளுங்கள். முழு ரெப் இனி ஒன்றும் எழாது என்ற நிலையில், அந்தக் கீழ்ப்பாதியில் மேலும் நான்கைந்து ரெப் சேர்ப்பது நான் விரும்பிச் செய்கிற முறை.

ஒரு நுணுக்கமும் உண்டு. தசை நீண்டிருந்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் சுமையும் இருக்க வேண்டும். டம்பெல்லைப் பக்கவாட்டில் உயர்த்தும் லேட்டரல் ரெய்ஸில், கை தொடையருகே தொங்கும்போது தோளுக்கு ஏறக்குறைய சுமையே இல்லை. அங்கே கீழ்ப்பாதியை மட்டும் ஆட்டுவதில் பயன் குறைவு. அதே பயிற்சியை, கப்பி வழியாக எடையை இழுக்கும் கேபிள் இயந்திரத்தில், கப்பியைக் கை மட்டத்துக்கு உயர்த்தி வைத்துச் செய்தால் தொடக்கத்திலேயே இழுவை கிடைக்கும்.

ஆழமாக உட்கார்ந்தால் முழங்கால் போய்விடும் என்ற அச்சத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன், ஆழமான ஸ்குவாட் முழங்காலின் பக்கத் தசைநார்களைத் தளர்த்திவிடுகிறது என்று எழுதினார். தொடை தரைக்கு இணையானதும் நிறுத்திவிடுங்கள் என்ற அறிவுரை அங்கிருந்துதான் பரவியது. 1989-இல் சாண்ட்லர் குழுவினர் அளந்து பார்த்தபோது, ஸ்குவாட் பயிற்சியால் முழங்கால் தளர்ந்ததாகத் தெரியவில்லை. தோப்புக்கரணம் போட்டு வளர்ந்த நாம் இதற்கு இவ்வளவு பயப்படுவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆயினும் வலி உள்ளவர்களும், அறுவைச் சிகிச்சைக்குப்பின் பயிற்சிக்குத் திரும்புகிறவர்களும், பிசியோதெரபிஸ்ட் அனுமதிக்கிற வீச்சுக்குள் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதே முறை. அவர்களுக்குப் பாதி வீச்சு குறையே அல்ல.

பவர்லிஃப்டிங் எனும் எடை தூக்கும் போட்டிக்குப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. எந்த வீச்சில் பழகுகிறோமோ அந்த வீச்சில்தான் வலிமை அதிகம் கூடும், போட்டியின் விதியோ ஆழத்தைக் கட்டாயமாக்குகிறது. இடுப்பு மூட்டருகே தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சியைவிடத் தாழாவிட்டால் நடுவர்கள் சிவப்பு விளக்கைப் போட்டுவிடுவார்கள். பெஞ்சில் மல்லாந்து படுத்து பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் முதுகை அளவுக்கு மீறி வளைத்து வீச்சைச் சுருக்குவதைத் தடுக்க, சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு 2023-இல் முழங்கையின் அடிப்பகுதி தோள்மூட்டின் மேற்பரப்பு மட்டத்துக்காவது இறங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது.

உங்கள் ஆழம் எவ்வளவு என்பதை அறிய, போனை இடுப்பு உயரத்தில், சரியாகப் பக்கவாட்டில் வைத்து ஒரு செட்டைப் பதிவு செய்யுங்கள். மேலிருந்து எடுத்தாலும் சாய்வாக எடுத்தாலும் ஆழத்தைச் சரியாகக் கணிக்க முடியாது. கணுக்கால் மடங்காததால் குதிகால் எழும்புகிறது என்றால், அதன் அடியில் 2.5 கிலோ தட்டு ஒன்றை வைத்துப் பாருங்கள், பலருக்கு உடனே ஆழம் கிடைத்துவிடும். கீழே போகையில் இடுப்பு உள்வாங்கி முதுகின் அடிப்பகுதி வளையத் தொடங்கினால், அதற்குச் சற்று மேலேதான் இன்றைக்கு உங்கள் முழு வீச்சு முடிகிறது. அந்த அளவைப் பயிற்சி நோட்டில் எடைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்த காணொளியில் கேபிள் பயிற்சிகளைத் தனியாக எடுத்துக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.